இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நீங்களே கணக்கிடும் முறை

அம்மா முதன்முறையாகத் தனியே விமானத்தில் போனபோது நான் ஒரு தவறு செய்தேன். டிக்கெட்டில் புறப்பாடு காலை 10 மணி, வருகை பிற்பகல் 3 மணி என்று இருந்தது. ஐந்து மணி நேரப் பயணம்தானே என்று நினைத்து, ஒரு வேளை மாத்திரையை மட்டும் கைப்பையில் வைத்தேன். மீதியைப் பெரிய பெட்டியில் போட்டுச் சரக்கில் அனுப்பிவிட்டேன். விமானம் போனது மேற்கு நோக்கி. இறங்கும் ஊரின் கடிகாரம் ஐந்து மணி நேரம் பின்தங்கியிருந்தது. அம்மா அந்த இருக்கையில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார், இரண்டாம் வேளை மாத்திரை இல்லாமல்.

அதற்குப் பிறகு, "அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று யார் கேட்டாலும் நான் உடனே பதில் சொல்வதில்லை. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை, எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை என்று கேட்டுக்கொண்ட பிறகே சொல்கிறேன். ஒரே பயணத்துக்கு இணையத்தில் மூன்று தூரமும் நான்கு நேரமும் கிடைக்கும். பெரும்பாலும் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை. அவற்றைப் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான்.

முதலில், எந்த விமான நிலையம்?

ஊர்ப் பெயரை வைத்துக் கணக்கைத் தொடங்காதீர்கள். லண்டனுக்கு ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி என்று பல விமான நிலையங்கள் உள்ளன. டோக்கியோவின் நரிட்டாவுக்கும் ஹனேடாவுக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நீண்ட பயணத்தின் மொத்தத் தூரத்தில் இது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டியவருக்கு இந்த 60 கிலோமீட்டர்தான் பயணத்தின் மிகக் கடினமான பகுதி.

ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி இருக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்திலும் ஒரு சிட்னி இருக்கிறது. முதலாவதற்கு டிக்கெட் எடுப்பதாக நினைத்து இரண்டாவதில் போய் இறங்கியவர்கள் உண்டு.

இதற்குத்தான் குறியீடுகள். பயணச்சீட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இருப்பது மூன்றெழுத்துக் குறியீடு: ஹீத்ரோவுக்கு எல்எச்ஆர், நியூயார்க்கின் கென்னடி நிலையத்துக்கு ஜேஎஃப்கே, ஆஸ்திரேலியச் சிட்னிக்கு எஸ்ஒய்டி, கனடாச் சிட்னிக்கு ஒய்கியூஒய். விமானிகளும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் பயன்படுத்துவது நான்கெழுத்துக் குறியீடு. அதில் ஹீத்ரோ ஈஜிஎல்எல். கணக்குப் போட இரண்டில் எது கிடைத்தாலும் போதும். எல்ஓஎன் என்று தேடினால் மட்டும் கவனம் தேவை. அது லண்டன் நகரத்தின் எல்லா நிலையங்களுக்கும் பொதுவான குறியீடு. எந்த ஒரு நிலையத்தையும் அது சுட்டாது.

தூரம்: உலக உருண்டையில் ஒரு நூல்

கணக்குக்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலக உருண்டை ஒன்றையும் ஒரு நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையை நியூயார்க்கில் வைத்து, மறுமுனையை லண்டனுக்கு இழுத்து, தொய்வில்லாமல் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே நகர்ந்து நியூஃபவுண்ட்லாந்தை உரசிக்கொண்டு போகும். அந்த நூலை எடுத்து அளந்தால் சுமார் 13 சென்டிமீட்டர் வரும். இந்த அளவுள்ள உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 425 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 5,500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எந்த இணையக் கருவியும் இல்லாமல் உண்மைக்கு மிக அருகே வந்துவிட்டீர்கள்.

இழுத்துப் பிடித்த நூல் காட்டும் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையத்தின் வழியே வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு பகுதி அது. உருண்டையின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அதைவிடக் குறுகிய பாதை கிடையாது.

சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் இதே பாதை துருவத்தை நோக்கி வளைந்து தெரியும். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லண்டனுக்குப் போகும் விமானம் ஏன் கிரீன்லாந்துப் பக்கம் சுற்றிக்கொண்டு போகிறது என்று புதியவர்கள் கேட்பது இதனால்தான். அந்த விமானம் சுற்றவில்லை. 1569இல் மெர்காட்டர் வகுத்த முறையைப் பின்பற்றும் வரைபடங்கள் துருவத்தை நெருங்க நெருங்க நிலப்பரப்பை இழுத்துப் பெரிதாக்குகின்றன. அந்தத் தாளில் அளவுகோல் வைத்துத் தூரம் அளக்கவே கூடாது.

கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

இணையக் கருவிகள் நொடியில் விடை தரும். ஆனாலும் ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்க்கச் சொல்வேன். அப்போதுதான் கருவி தவறான விடை தரும்போது கண்ணில் படும். சைன், கோசைன் பொத்தான்கள் உள்ள கால்குலேட்டர் ஒன்று போதும்.

1. இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதிக்கொள்ளுங்கள். கென்னடி நிலையம்: வடக்கு 40.64, மேற்கு 73.78. ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45. வடக்கும் கிழக்கும் கூட்டல் குறி. தெற்கும் மேற்கும் கழித்தல் குறி.

2. தீர்க்கரேகைகளின் வித்தியாசத்தைக் காணுங்கள். இங்கே 73.33 பாகை.

3. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.6513 × 0.7823 = 0.5095.

4. இரண்டு அட்சரேகைகளின் கோசைன் மதிப்புகளைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனால் பெருக்குங்கள்: 0.7588 × 0.6229 × 0.2869 = 0.1356.

5. இரண்டையும் கூட்டுங்கள்: 0.6451. எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று தலைகீழ் கோசைன் பொத்தானை அழுத்திக் கேளுங்கள். விடை 49.83 பாகை.

6. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை சுமார் 111.19 கிலோமீட்டர். பெருக்கினால் 5,540 கிலோமீட்டர்.

கால்குலேட்டர் பாகையில் இயங்குகிறதா, கோணத்தை அளக்கும் இன்னோர் அலகான ரேடியனில் இயங்குகிறதா என்று முதலிலேயே பாருங்கள். கணினியின் விரிதாள் மென்பொருள்கள் ரேடியனை எதிர்பார்ப்பவை. அங்கே பாகையை மாற்றிக் கொடுக்காவிட்டால் அர்த்தமற்ற விடை வரும். அப்படி வந்தால் பிழை உடனே தெரிந்துவிடும் என்பது ஒரு நிம்மதி.

குறியை மாற்றிப் போடும் பிழை அப்படித் தெரியாது. மேலே உள்ள கணக்கில் நியூயார்க்கின் 73.78க்கு முன்னால் கழித்தல் குறி போட மறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளி மத்திய ஆசியாவில், கிர்கிஸ்தானில் போய் விழும். ஹீத்ரோ பூஜ்யத் தீர்க்கரேகைக்கு அருகே இருப்பதால், கிழக்கே 73 பாகை போனாலும் மேற்கே 73 பாகை போனாலும் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். விடை 5,600 என்று வரும். பார்த்தால் சந்தேகமே வராது. ஆகவே கணக்குப் போடும் முன் இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் ஒருமுறை குறித்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு சோதனையும் கைவசம் இருக்கட்டும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். அதனால் எந்த இரு இடங்களுக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டரைத் தாண்டவே முடியாது. தாண்டினால் கணக்கு தவறு.

ஒரே ஜோடிக்கு 5,540, 5,555 என்று இரண்டு எண்கள் வருவது ஏன்?

சில கருவிகள் இந்தப் பாதைக்கு 5,540 கிலோமீட்டர் என்றும் வேறு சில 5,555 என்றும் காட்டும். முதல் வகை பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள சீரான உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் வகை, பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. புவி அளவையியல் அறிஞர் வின்சென்டி 1975இல் வெளியிட்ட வாய்பாடு இந்தத் தட்டையான வடிவத்துக்கானது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். பயணத் திட்டத்துக்கு எதை எடுத்தாலும் சரி. ஒப்பிடும்போது மட்டும் ஒரே கருவியின் எண்களை ஒப்பிடுங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் அலகில் வருகிறது. மைல் என்று எழுதியிருந்தால் எந்த மைல் என்று பாருங்கள். சாலை மைல் 1.609 கிலோமீட்டர், கடல்மைல் 1.852 கிலோமீட்டர். 5,555 கிலோமீட்டர் என்பது சுமார் 3,450 சாலை மைல், சுமார் 3,000 கடல்மைல். விமானத்துறை கடல்மைலை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அட்சரேகையில் ஒரு பாகையை அறுபது கலைகளாகப் பிரித்தால் ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல்மைல். நாம் மேலே கண்ட 49.83 பாகையை 60ஆல் பெருக்குங்கள். கடல்மைலில் விடை கையில் வந்துவிடும். ஒரு மணிக்கு ஒரு கடல்மைல் என்ற வேகத்துக்கு நாட் என்று பெயர்.

விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் பாதை நீளாதா என்று சிலர் கேட்பார்கள். நீளும்தான். ஆனால் 5,550 கிலோமீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர்கூடக் கூடாது. அதை மறந்துவிடலாம்.

விமானம் உண்மையில் பறக்கும் தூரம்

நூல் காட்டியது மிகக் குறைந்த தூரம். விமானம் அதைவிட அதிகமாகவே பறக்கும். ஓடுபாதை காற்றின் திசைக்கேற்பத் தேர்ந்தெடுக்கப்படுவதால், போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் ஏறி வட்டமிட்டுத் திரும்ப நேரலாம். இறங்கும்போதும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரவேண்டும். நடுவே புயல்மேகம், இராணுவம் ஒதுக்கிய வான்பகுதி, நெரிசல். வட அட்லாண்டிக்கில் அன்றைய காற்றைப் பார்த்து நாள்தோறும் புதிதாகப் பாதைகள் வகுக்கிறார்கள். நேற்று போன வழியில் இன்றைய விமானம் போகாமலிருக்கலாம்.

வான்வெளி மூடப்பட்டால் கணக்கே தலைகீழாகும். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். 2022 பிப்ரவரிக்கு முன் ரஷ்யாவின் மேலே பறந்து ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு அதே பயணம் வட துருவப் பக்கமாகவோ தெற்கே சுற்றியோ ஏறத்தாழ 13 மணி நேரமாக நீண்டுவிட்டது. தூரக் கருவியில் இன்றும் அதே 7,800தான் வரும். இரண்டு ஊர்களும் நகரவில்லையே! ஆகவே நீண்ட பயணங்களுக்குத் தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தை முடிவு செய்யாதீர்கள்; நடுவில் எந்த நாடுகளின் வானம் இருக்கிறது என்றும் பாருங்கள்.

நேரம்: எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை?

விமானம் தரையை விட்டு எழும் கணத்திலிருந்து மீண்டும் சக்கரம் தரையைத் தொடும் கணம் வரை பறக்கும் நேரம். டிக்கெட்டில் இருப்பது இதுவல்ல. வாயிலை விட்டு விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேர்ந்து வாயிலில் நின்று சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது வரை உள்ள நேரமே கால அட்டவணையில் வரும். துறையில் அதைப் பிளாக் நேரம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பதும், இறங்கியபின் முனையத்துக்கு வருவதும் இதற்குள் அடக்கம். நெரிசலான நிலையங்களில் இவை மட்டுமே அரை மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

தோராயமாக நான் போடும் கணக்கு இதுதான். கிலோமீட்டர் தூரத்தை 850ஆல் வகுங்கள். ஏறி இறங்கும் மெதுவான பகுதிக்காக அரை மணி நேரம் கூட்டுங்கள். இது பறக்கும் நேரம். அதனுடன் இன்னும் இருபத்தைந்து நிமிடம் சேர்த்தால் பிளாக் நேரம்.

சோதித்துப் பார்ப்போம். நியூயார்க் - லண்டன்: 5,555ஐ 850ஆல் வகுத்தால் ஆறரை மணி நேரம், அரை மணி கூட்ட ஏழு, இருபத்தைந்து நிமிடம் சேர்த்தால் ஏழரை மணிக்குச் சற்றுக் குறைவு. அட்டவணையில் கிழக்கே போக ஏறத்தாழ 7 மணி நேரமும், மேற்கே திரும்பி வர ஏறத்தாழ 8 மணி நேரமும் இருக்கும். நம் விடை நடுவில் நிற்கிறது. சிங்கப்பூர் - நியூயார்க் சுமார் 15,350 கிலோமீட்டர், உலகின் மிக நீண்ட இடைநில்லாப் பயணங்களில் ஒன்று. நம் கணக்கு 19 மணி நேரம் என்கிறது. அட்டவணையும் பதினெட்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டியே இருக்கும்.

850 எங்கிருந்து வந்தது? பெரிய அகன்ற விமானங்கள் ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 85 சதவீதத்தில் பறக்கின்றன. சிறிய ஜெட் விமானங்கள் 78 சதவீதத்தை ஒட்டிப் பறக்கின்றன. 11 கிலோமீட்டர் உயரத்தின் கடுங்குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். ஆகவே பெரியவை 900, சிறியவை 830. சுழல்விசிறி உள்ள சிறு விமானங்களுக்கு இந்த எண் பொருந்தாது. அவற்றுக்கு 450 அல்லது 500 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மிகக் குறுகிய பயணங்களில் தூரத்துக்கு ஏறக்குறைய மதிப்பே இல்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு இடையே 2.7 கிலோமீட்டர்தான். அங்கே ஓடும் விமானத்துக்கு அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று உதவிய ஒரு நாளில் 53 நொடியில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

காற்றுதான் இரண்டாவது விமானி

போகும்போது ஏழு, வரும்போது எட்டு என்று வரக் காரணம் பூமி சுழல்வது என்று பலர் நம்புகிறார்கள். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊரே வந்துவிடும் என்பது அவர்கள் நினைப்பு. அப்படியானால் மேற்கே போவதற்கல்லவா குறைவான நேரம் ஆக வேண்டும்? நடப்பது நேர்மாறு. பூமியுடன் சேர்ந்து காற்றும் சுழல்கிறது. அந்தக் காற்றுக்குள்தான் விமானம் பறக்கிறது.

உண்மையான காரணம், நடு அட்சரேகைகளில் மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் அது வலுக்கும். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் நாள்களும் உண்டு. 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் ஹீத்ரோவில் இறங்கியது. தரையை வைத்து அளந்தால் அதன் வேகம் ஒலியின் வேகத்தையும் மிஞ்சியதாகத் தோன்றும். ஆனால் தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

ஒரு சிறு கணக்கு. விமானத்தின் வேகம் 900, காற்றின் வேகம் 100, தூரம் 5,000 கிலோமீட்டர் என்று கொள்வோம். பின்காற்றுடன் போக 5 மணி நேரம். எதிர்க்காற்றில் திரும்பி வர 6 மணி 15 நிமிடம். மொத்தம் 11 மணி 15 நிமிடம். காற்றே இல்லாத நாளில் போய்வர 11 மணி 7 நிமிடம்தான் ஆகும். போகும்போது கிடைத்த லாபம் வரும்போதைய நஷ்டத்தை ஈடு செய்யாது, ஏனென்றால் எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம். ஆகவே ஒரு வழி நேரத்தை இரண்டால் பெருக்கிப் போய்வரும் நேரம் என்று எழுதாதீர்கள். இரண்டு திசைக்கும் தனித்தனியே பாருங்கள்.

கடிகாரம்: நான் தவறிய இடம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி. வந்து சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. இரண்டையும் நேரடியாகக் கழிக்கக் கூடாது. கிழக்கா மேற்கா, கூட்டுவதா கழிப்பதா என்று மனப்பாடம் செய்யவும் வேண்டாம், அவசரத்தில் மாறிவிடும். இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு (யூடிசி) மாற்றிவிட்டுக் கழியுங்கள். இது ஒருபோதும் கைவிடாத வழி.

கோடைக்காலத்தில் லண்டனில் காலை 11 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்குச் சேர்வதாக டிக்கெட் சொல்கிறது. லண்டன் அப்போது பொது நேரத்தைவிட ஒரு மணி முன்னால். ஆகவே புறப்பாடு பொது நேரப்படி 10 மணி. நியூயார்க் நான்கு மணி பின்னால். பிற்பகல் 2 என்பது பொது நேரப்படி மாலை 6 மணி. பயணம் 8 மணி நேரம். பயணச்சீட்டில் வருகை நேரத்தின் அருகே கூட்டல் 1 என்று சிறிதாக இருந்தால் மறுநாள் சேருகிறீர்கள் என்று பொருள். வரவேற்கப் போகிறவருக்கு நேரத்துடன் தேதியையும் சொல்லுங்கள்.

பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டும் பயணங்களில் கழித்தால் எதிர்மறை எண்கூட வரும். டோக்கியோவில் வெள்ளி இரவு 9 மணிக்கு ஏறி, ஏழு மணி நேரம் பறந்து, ஹொனலூலுவில் அதே வெள்ளி காலை 9 மணிக்கு இறங்கலாம். டோக்கியோ பொது நேரத்தைவிட 9 மணி முன்னால், ஹொனலூலு 10 மணி பின்னால். மாற்றிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும்.

கோடைக்கால நேரமாற்றம் இன்னொரு கண்ணி. அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே நகர்த்துகிறார்கள். பிரிட்டனில் மார்ச்சின் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று வாரங்களில் வழக்கமான ஐந்து மணி வித்தியாசம் நான்காகிவிடும். சில நாடுகள் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. அரை மணி, முக்கால் மணி வித்தியாசமுள்ள நேர மண்டலங்களும் உண்டு. போன முறை எழுதி வைத்த வித்தியாசத்தை நம்பாமல், பயணம் செய்யும் அந்தத் தேதிக்கு உரியதைப் பாருங்கள்.

நேரடி விமானம், இடைநில்லா விமானம்

இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாக நினைக்காதீர்கள். இடைநில்லா விமானம் எங்கும் இறங்காது. நேரடி விமானம் என்பது ஒரே விமான எண்ணில் போவது. நடுவே ஓர் ஊரில் இறங்கி ஏறவும் கூடும். இணைப்பு விமானம் என்றால் நீங்களே இறங்கி வேறொன்றில் ஏற வேண்டும். இடையில் இறங்கும் பயணத்தில் ஒவ்வொரு பகுதியின் தூரத்தையும் தனித்தனியே கண்டு கூட்டுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஏறி இறங்கும் அரை மணியும் ஊர்ந்து போகும் இருபத்தைந்து நிமிடமும் மறுபடி சேரும். காத்திருப்பு நேரம் தனி.

இரண்டு பகுதிகளும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு பொதுவாக விமான நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. அங்கே ஒரு மணி நேர இடைவெளியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குடிநுழைவுச் சோதனையும் பெட்டி எடுப்பதும் இருந்தால் மூன்று நான்கு மணி நேரம் வேண்டும்.

கடைசியாக, நடந்ததைப் பாருங்கள்

கணக்கு சொல்வது ஒரு மதிப்பீடு. ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்களில் விமான எண்ணைக் கொடுத்தால், கடந்த சில நாள்களில் அந்த விமானம் எப்போது எழுந்தது, எப்போது இறங்கியது என்று வரிசையாகக் காட்டும். ஒரு வாரத்துப் பதிவையாவது பாருங்கள். பல விமானங்கள் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்குச் சேர்ந்திருப்பதைக் காண்பீர்கள். வழியில் வேகமெடுத்துச் சரிசெய்வது இதில் சிறு பகுதிதான். அட்டவணையிலேயே விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருக்கின்றன. இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இந்தப் பதிவில் சராசரியைப் பார்க்க வேண்டாம். மிக மோசமான இரண்டு நாள்களைப் பாருங்கள்; அந்த நாள்களிலும் இணைப்பு கிடைத்திருக்குமா என்று கணக்கிடுங்கள்.

அம்மாவின் அடுத்த பயணத்துக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். புறப்பாடு, வருகை இரண்டையும் வீட்டுக் கடிகாரப்படி எழுதினேன். அதற்குக் கீழே, வீட்டுக் கடிகாரப்படி மாத்திரை சாப்பிட வேண்டிய நேரங்கள். இறங்கும் ஊரின் நேரத்தைத் தனியே ஒரு வரியில் தேதியுடன். "இறங்கும் வரை கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டாம் அம்மா, அதைப் பார்த்தே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, வானில் தேவைப்படுவதைவிட இரண்டு வேளை அதிகமாகவே கைப்பையில் வைத்தேன்.